அதிகம் கோல் அடிக்காத டிஃபென்டர் எப்படி 100 சர்வதேச ஆட்டங்கள் ஆடுகிறார்?

கால்பந்தில் எதிரணி கோல் போடாமல் தடுப்பவர்தான் டிஃபென்டர். மணிப்பூரின் ஆஷாலதா தேவி அப்படி ஆடித்தான் 2024-ல் 100-வது சர்வதேச ஆட்டத்தைத் தொட்டார். இந்தியப் பெண்களில் அவரே முதலாமவர்.

இந்த இடத்துக்கு வேகம் மட்டும் போதாது. பந்து எங்கே வரும் என்று முன்பே கணித்து அங்கே போய் நிற்க வேண்டும். அந்தக் கணிப்பு ஆட ஆடத்தான் கூடும். அதனால் அனுபவசாலியை எளிதில் மாற்ற மாட்டார்கள்.

நம் குமரிக் கடற்கரையில் கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவைப் பாருங்கள். ஆனி, ஆடியில் கடல் சீறும்போது அலையைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. வீடுகள் தப்பிவிட்டால் அதை யாரும் பேசுவதில்லை. தூத்தூர் போலக் கால்பந்து ஊறிய கரையிலும் கோல் அடித்தவரைத்தான் தோளில் தூக்குகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஓட முடியாதவரைத்தான் பின்னால் நிறுத்துவார்கள் என்பது தவறு: அணியின் தாக்குதல் பல நேரம் டிஃபென்டர் தரும் முதல் பாஸில்தான் தொடங்குகிறது.