பட்டத்தைத் துறக்கச் சட்டத்தையே மாற்ற வைத்த டோனி பென்

கேள்வி: நீண்ட காலம் அரசியலில் இருந்த பிரிட்டிஷ் தலைவர்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்? ஏன்?

டோனி பென். தொழிற்கட்சிக்காரர். 1950-ல், 25 வயதில், பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குப் போனார். நடுவில் இரண்டு இடைவெளிகள் போக 2001 வரை எம்.பி. தபால் துறை, தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி என்று பல துறைகளைப் பார்த்தவர். ஆனால் எனக்கு அவரைப் பிடித்தது அந்தப் பதவிகளால் இல்லை. தானாக வந்து சேர்ந்த ஒரு பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல அவர் பட்ட பாட்டால்தான்.

அவருடைய அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சர். (1931-ல் காந்தி லண்டனுக்கு வந்தபோது ஆறு வயதுப் பையனாக அவரைப் பார்த்ததை டோனி பென் வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.) 1942-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் தேவைப்பட்டது. அப்பாவை ஸ்டான்ஸ்கேட் பிரபு ஆக்கினார்கள். அது பரம்பரைப் பட்டம். அப்பாவுக்குப் பிறகு மூத்த மகன் மைக்கேலுக்குப் போக வேண்டியது. மைக்கேல் பாதிரியாராக விரும்பியவர், பட்டம் வருவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. 1944-ல் விமானப்படையில் பணியாற்றும்போது அவர் இறந்துபோனார். அண்ணனைப் பறிகொடுத்த தம்பியின் தலையில் பட்டமும் வந்து விழுந்தது.

அந்தக் காலத்தில் பிரபு ஆகிவிட்டால் மக்களவையில் உட்கார முடியாது. 1960 நவம்பரில் அப்பா காலமானார், அதோடு மகனின் எம்.பி. பதவியும் போயிற்று. அப்பாவை இழந்த துக்கத்தோடு, ஜனங்கள் கொடுத்த வேலையும் கையைவிட்டுப் போனது. அவர் விடவில்லை. 1961 மே மாதம் அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது, மறுபடி நின்றார். தகுதி இல்லாதவர் என்று தெரிந்தே மக்கள் 13 ஆயிரம் வாக்குகளுக்கும் மேல் வித்தியாசத்தில் அவரை ஜெயிக்க வைத்தார்கள். சபைக்குள் போகப் போனவரை வாசல் காவலர் மறித்தார். அப்புறம் தேர்தல் நீதிமன்றம், தகுதியில்லாதவர் என்று தெரிந்து போட்ட ஓட்டெல்லாம் வீண் என்று சொல்லி, தோற்றுப்போன கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்குத் தொகுதியைக் கொடுத்துவிட்டது. அந்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபு பட்டத்துக்கு வாரிசாக இருந்தவர்!

1963 ஜூலை 31 மாலை, பரம்பரைப் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அன்று மாலை 6.22-க்கெல்லாம் பட்டத்தை விட்டுவிட்டார் பென். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் துறந்தவர் அவர்தான். சட்டம் மாறினால் விலகுகிறேன் என்று சொல்லியிருந்த செயின்ட் கிளேர் சொன்னபடியே விலகினார். அந்த மனிதருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: அதே வருடம் அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சியின் ஹோம் பிரபு தன் பட்டத்தைத் துறந்து மக்களவை உறுப்பினராகிப் பிரதமராக இருக்க முடிந்ததும் அந்தச் சட்டத்தால்தான். பென் திறந்த கதவு எதிர்முகாமில் இருந்தவருக்கும் பயன்பட்டது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1981-ல் கட்சித் துணைத்தலைவர் பதவிக்கு டெனிஸ் ஹீலியை எதிர்த்து நின்றார், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அந்தப் போட்டி கட்சிக்குள் போட்ட காயம் ஆற வெகுகாலம் பிடித்தது. ஏற்கெனவே பிளந்துகொண்டிருந்த கட்சியில் அதை அவர் தவிர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். 1983-ல் பிரிஸ்டலில் அவரே தோற்றார். அடுத்த வருடம் செஸ்டர்ஃபீல்டில் நின்று திரும்பி வந்தார்.

அவர் கேட்கச் சொன்ன ஐந்து கேள்விகள் உண்டு. அதிகாரத்தில் இருக்கும் யாரைப் பார்த்தாலும் கேளுங்கள் என்பார். உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? அது எங்கிருந்து வந்தது? யாருடைய நலனுக்காக அதைப் பயன்படுத்துகிறீர்கள்? யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? உங்களை எப்படி வெளியேற்றுவது? எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இந்த ஐந்தையும் எழுதி வைத்திருந்தேன். வரவு செலவு எழுத நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஐந்தாவது கேள்வி கண்ணில் படும். அப்பா வழியாக வந்த பட்டத்தை அவர் ஏன் அப்படி உதறினார் என்பதும் அதைப் படிக்கும்போது புரியும். ஒரு பிரபுவை ஓட்டுப் போட்டு வெளியேற்ற முடியாதே.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன், 1911-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த இரவில் நாடாளுமன்றத்தின் அடித்தளத்தில் உள்ள சிற்றாலயத்தில், துடைப்பம் வைக்கும் சின்ன அறைக்குள் ஒளிந்துகொண்டார். அன்றிரவு தான் இருந்த இடம் மக்களவை என்று பதிவாக வேண்டும் என்பதற்காக. அவர் நினைவாக ஒரு பலகை செய்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், திருகாணிகளைத் தன் கையாலேயே முடுக்கி அந்த அறையில் மாட்டினார் பென். அதைச் சபையிலேயே எழுந்து சொல்லவும் செய்தார்.

2014 மார்ச் 14-ம் தேதி அவர் இறந்தார். இறுதிச்சடங்குக்கு முந்தைய இரவு அவர் உடலை அந்தச் சிற்றாலயத்தில்தான் வைத்திருந்தார்கள், அவர் மாட்டிய பலகைக்குப் பக்கத்தில்.