பெலே படம் ஏன் விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை? கேள்வி பதில்

பிரேசில் கால்பந்து வீரர் பெலேயின் இளமைக் கதையாக 2016-இல் வெளியான ‘பெலே: பர்த் ஆஃப் எ லெஜண்ட்’ பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

திருச்சி வாசகர்: ரஹ்மான் இசை, தயாரிப்பில் பெலேயே இருந்தார். அப்புறம் ஏன் விமர்சனங்கள் சாதகமாக இல்லை?

அடி வாங்கியது திரைக்கதை. ஏழைப் பையன், அவனை ஏளனம் செய்யும் பணக்காரப் பையன், கடைசியில் வெற்றி என்று எல்லாமே முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. படத்தில் பிரேசில்காரர்கள் ஆங்கிலத்தில் பேசுவது இன்னொரு குறை.

அந்தப் பணக்காரப் பையனாகக் காட்டப்படுபவர், 1958-இல் பெலேயோடு பிரேசில் அணியில் இருந்த அல்தாஃபினி. பெலேயின் அம்மா வேலை செய்யும் வீட்டுப் பிள்ளையாக அவரை ஆக்கிவிட்டார்கள். நிஜத்தில் அவர் பிரேசிலின் பிராசிகாபா நகரில் பிறந்தவர், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். 1958 உலகக் கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். ஆனால் இறுதிப் போட்டியில் அவருக்கு இடமில்லை. 1962-இல் இத்தாலிக்காக உலகக் கோப்பை ஆடினார். இவ்வளவு நல்ல கதை கையில் இருக்கும்போது வில்லன் எதற்கு? படம் பார்த்தால் வரலாறு படித்ததாகிவிடாது, தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: ரஹ்மானுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததா?

இல்லை. தகுதி பெற்ற 145 இசைக்கோவைகளின் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான்.

சென்னை வாசகர்: பிரேசில்காரர்கள் ஆங்கிலம் பேசினால் என்ன? நாம் டப்பிங் படம் பார்ப்பதில்லையா?

டப்பிங்கில் மூலப் பேச்சு வேறு என்பது நமக்குத் தெரியும். இங்கே மூலமே ஆங்கிலம். பெலே வளர்ந்த பவுரு ஊரின் தெருவில் வெறுங்காலோடு பந்து விளையாடும் சிறுவர்கள் ஆங்கிலத்தில் சண்டை போட்டால் அந்தத் தெருவே பொய்யாகிவிடுகிறது.

கோவை வாசகர்: ‘காந்தி’ படமும் ஆங்கிலம்தானே?

காந்தி லண்டனில் சட்டம் படித்தவர். அவரும் நேருவும் ஆங்கிலத்தில் பேசினால் நம்பலாம். பெலேயின் அப்பா டோண்டினியோ தன் மகனிடம் ஆங்கிலத்தில் பேசினால் எப்படி நம்புவது?

சென்னை வாசகர் மறுபடி: ஆங்கிலம் இல்லாவிட்டால் உலகச் சந்தை கிடைக்காதே?

தயாரிப்பாளர் பக்கத்து நியாயம் அது, மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்காக விட்டுக்கொடுத்ததை விமர்சகர் கேட்கத்தான் செய்வார்.

சேலம் வாசகர்: ஆஸ்கர் பரிந்துரை உண்டா?

மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஈரோடு வாசகர்: ‘மைதான்’ பற்றி?

அதுவும் ரஹ்மான் இசைதான். இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ரஹீமின் கதை அது; நாயகன் ஆட்ட நட்சத்திரம் அல்ல. தனியாகக் கேளுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

நெல்லை வாசகர்: 1958 இறுதிப் போட்டியில் பெலே தலைக்கு மேல் பந்தைத் தட்டி அடிக்கும் கோல் நிஜமா?

நிஜம். ஸ்வீடன் 4-ஆவது நிமிடத்திலேயே முதல் கோல் போட்டது. 55-ஆவது நிமிடத்தில் பெலே பந்தை நெஞ்சில் வாங்கினார். எதிரே வந்த ஸ்வீடன் வீரர் குஸ்தாவ்சனின் தலைக்கு மேல் தட்டினார். சுற்றி ஓடி, பந்து தரையில் விழும் முன்பே உதைத்தார். வயது 17. பிரேசில் 5-2 என்று வென்றதும் தன் அணியின் கோல்கீப்பர் கில்மாரின் நெஞ்சில் சாய்ந்து அழுதார். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எல்லாம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு படத்தைப் பாருங்கள்.