ரீமேப் பண்ணிய டீசல் வண்டியை எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவனுக்கு வழக்கமாக மைலேஜ், பேட்டரி, ஏசி என்றுதான் கடிதம் வரும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல், ரீமேப் பண்ணி, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, பவர் கூட்டிய டீசல் எஸ்யூவி பற்றியவை. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கே.எஸ்., வேளச்சேரி: என்னிடம் 2018 மாடல் ஃபோர்டு எண்டெவர் 3.2 ஆட்டோமேட்டிக் இருக்கிறது. வாங்கிய மூன்றாவது வருஷம் ரீமேப் பண்ணினேன். 200 குதிரைசக்தி 240-ஐத் தொட்டிருப்பதாக டியூனர் சொன்னார். 1,15,000 கி.மீ. ஓடிவிட்டது, பெரிய செலவு ஏதும் வரவில்லை. 'வைத்து இழுக்காதே, நல்ல விலை கிடைக்கும்போதே தள்ளிவிடு' என்கிறார் மைத்துனர். எனக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் ஓட்ட ஆசை. நடக்குமா?

நடக்கும். ஆனால் இதுவரை செலவு வரவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செலவு வராததா, நீங்கள் செய்யாமல் விட்டதா என்று பில் கட்டை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் மைத்துனர் எஞ்சினை நினைத்துப் பயப்படுகிறார். அது ஐந்து சிலிண்டர் எஞ்சின், கம்பெனியிலிருந்து வரும்போதே 470 என்.எம். இழுவை. அளவாக ஏற்றினால் தாங்கும். நான் முதலில் பார்ப்பது கியர்பாக்ஸை. கூடுதல் இழுவை முழுக்க அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும், அதில் உண்டாகும் சூட்டை வாங்கிக்கொள்வது கியர் ஆயில். 'ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுசு என்று கேளுங்கள். டியூன் பண்ணிய வண்டிக்கு நான் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். நீங்கள் இதுவரை மாற்றவே இல்லை என்றால் இந்த மாதமே செய்யுங்கள். ஒரு சோதனையும் இருக்கிறது. ஈசிஆரில் உத்தண்டி தாண்டி ரோடு காலியாக இருக்கும் நேரத்தில், 70 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டர் மேல் காலை லேசாக வைத்துப் போங்கள். ரோடு வழவழவென்று இருந்தும், ரம்பிள் கோடுகள் மேல் ஏறியது போல ஒரு கணம் வண்டி நடுங்கினால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் பிடித்தால் சில சமயம் ஆயில் மாற்றுவதோடு போய்விடும். வளரவிட்டால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

அடுத்தது, காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள். ரீமேப்பில் டர்போ அழுத்தம் கூடும். நம் ஊர் வெயிலில், பானெட்டுக்குள் வெந்துகொண்டே இருக்கும் ரப்பர் அது. கிளாம்புக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். வண்டி நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அப்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பிக்கப் குறைவு, பின்னால் கரும்புகை. உள்ளே வந்த காற்றை சென்சார் முன்னாடியே அளந்து கணக்குக் கொடுத்துவிடுகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் அந்தக் கணக்குக்கு டீசல் ஊற்றுகிறது. காற்றோ வழியிலேயே ஒழுகிவிடுகிறது. இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றி, தன் பேரிங்கைத் தானே தின்னும். ஒவ்வொரு சர்வீசிலும் ஹோஸைக் கையால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், செலவே கிடையாது.

எஞ்சின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் நேரத்தில் போனால் மீட்டர் நகராது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 7,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். உங்கள் 3.2 எஞ்சினுக்கு இன்னொரு தனிக் கவனம் வேண்டும்: ஆயிலை வடியவிட்டு பையன் டீ குடிக்கப் போகக் கூடாது. பத்து நிமிஷத்துக்குள் புது ஆயில் உள்ளே இறங்க வேண்டும். நேரம் ஆனால் ஆயில் பம்ப் காலியாகி, காற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஆயிலை இழுக்காமல் போகலாம். ஸ்டார்ட் ஆன வண்டி அப்புறம் ஆயில் இல்லாமல் ஓடும். அதனால் புது ஃபில்டரையும் ஆயில் கேனையும் பக்கத்தில் எடுத்து வைத்த பிறகே டிரெயின் போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள், மெக்கானிக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு வருஷம் ஒருமுறை ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது தெளிக்காமல் திருப்பி அனுப்பும் டீசலை அளக்கும் சோதனை, எடுங்கள். ஐந்து இன்ஜெக்டரிலிருந்தும் ஐந்து சின்ன டியூப், ஐந்து பாட்டில். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால் பாட்டில்களில் டீசல் ஏறும். ஐந்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் கழுத்து வரை வந்துவிட்டால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. பட்டறைக்கு வரும் சின்னப் பையன்களுக்கும் இது புரியும், ஸ்கேனர் வேண்டியதில்லை.

ஏலகிரி மாதிரி மலை ஏறி முடித்தவுடன் டக்கென்று சாவியைத் திருப்பாதீர்கள். ஓரிரு நிமிஷம் ஐடிலில் ஓடட்டும். இல்லையென்றால் சூடான டர்போவில் தங்கிய ஆயில் கருகிப் படியும். ஊருக்குள் ஊர்ந்து வந்து வீட்டில் நிறுத்தும்போது இது தேவையில்லை, ஏற்கனவே ஆறித்தான் இருக்கும்.

கடைசியாக பாகங்கள். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் உருவான வண்டி நமக்கு உள்ளூர் வண்டி மாதிரிதான் என்றாலும், ஹோஸ், சென்சார் போன்றவற்றை உடைந்த அன்றைக்குத் தேடாமல் ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டியூனரிடமிருந்து பழைய ஸ்டாக் ஃபைலையும், அதாவது ரீமேப்புக்கு முன்பு இருந்த கம்பெனி புரோகிராமையும், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கியர்பாக்ஸ் வயதாகும்போது இழுவையைக் குறைத்து ஓட்ட அது உதவும்.

வி.ஆர்., அண்ணா நகர்: டியூனிங் பாக்ஸ் வாங்கி மாட்டலாமா, ரீமேப் பண்ணலாமா? பாக்ஸ் என்றால் வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்கிறார்கள்.

கழற்றலாம், அது ஒன்றுதான் அதன் சௌகரியம். மலிவான பாக்ஸ்கள், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயின் பிரஷர் சென்சாரிடமிருந்து வரும் தகவலைக் குறைத்துக் காட்டும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். ஏற்கனவே ஆயிரத்துச் சொச்சம் பாரில் வேலை செய்யும் பம்பும் இன்ஜெக்டரும் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும். ரீமேப்பில் டர்போ அழுத்தம், டீசல் அளவு, இழுவையின் உச்சவரம்பு எல்லாவற்றையும் சேர்த்து வைக்க முடியும், செய்கிறவர் ஒழுங்காகச் செய்தால். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் லாக், அதாவது வண்டி ஓடும்போது கம்ப்யூட்டரில் பதிவாகும் அளவுகள், எடுத்துக் காட்டுவாரா என்று கேளுங்கள். காட்டமாட்டேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எம்.ஜே., பெரம்பூர்: 2016 ஸ்கார்பியோ. ரீமேப்புக்குப் பிறகு புகை டெஸ்டில் தேறவில்லை. 'டெஸ்டுக்கு முன்னால் நாலு தடவை நன்றாக ரைஸ் பண்ணிக்கொண்டு வாங்க, சரியாகிவிடும்' என்கிறார் சென்டர்காரர்.

சரியாகாது, குழாயில் படிந்த கரி கொஞ்சம் கொட்டும், அவ்வளவுதான். பி.எஸ்.4 டீசலுக்கு வரம்பு, புகையின் அடர்த்தியைச் சொல்லும் ஹார்ட்ரிட்ஜ் அளவில் 50. நல்ல எஞ்சின் அதற்குள் தாராளமாக அடங்கும். முதலில் ஏர் ஃபில்டரையும், மேலே சொன்ன ஹோஸ்களையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் ரீமேப் ஃபைலில்தான் கோளாறு: இருக்கும் காற்றுக்கு மேல் டீசல் ஊற்றாமல் தடுக்கும் வரம்பைத் தளர்த்தியிருப்பார்கள். கரும்புகை என்பது எரியாமல் போன உங்கள் டீசல். ரோட்டில் பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் 'பவர்' என்று ரசிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, எனக்கு அவர்களோடு ஒத்துப்போகாது. டியூனரிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பி.என்., சோழிங்கநல்லூர்: பி.எஸ்.6 டீசல் எஸ்யூவி. ரீமேப் பண்ணினேன். ஆபீஸ் பெருங்குடியில்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது. நல்லதுதானே?

நல்லதே இல்லை. ஏறுவது ஆயில் அல்ல, டீசல். உங்கள் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அது நிறைந்ததும் கரியை எரித்துத் தள்ள, எஞ்சின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைக் கடைசி நேரத்தில் தெளிக்கும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஓஎம்ஆரில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, எரிப்பு முடிவதற்குள் வண்டியை அணைத்தால் அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து. ரீமேப் கரியைக் கூட்டியிருந்தால் இது அடிக்கடி நடக்கும். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் டர்போ பேரிங்கைக் காப்பாற்றாது. மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த வண்டியை ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒருநாள் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். டிபிஎஃப்பைக் குடைந்து எடுத்துவிடலாம் என்று ஆலோசனை வரும். கேட்காதீர்கள், சட்டமும் ஒத்துக்கொள்ளாது.

எல்.கே., மயிலாப்பூர்: ரீமேப் சட்டப்படி சரியா? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் நிறுத்தி ஃபைலைப் படிக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் பெரிய விபத்துக்குப் பிறகு சர்வேயர் படிக்கலாம். பாலிசி எடுக்கும்போது மாற்றத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒரு காரணம் போதும், க்ளெய்ம் இழுத்தடிக்கும். எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் ஸ்டாக் ஃபைலுக்குத் திரும்புங்கள். கம்பெனி வாரன்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

திருமதி ஆர்.டி., தாம்பரம்: என் கணவர் 2015 எக்ஸ்யூவி500 மேனுவல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஓனர் 'டியூன் எதுவும் பண்ணவில்லை' என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் வழியாக ரீமேப் பண்ணியிருந்தால் வெளியில் ஒரு தடயமும் இருக்காது, அம்மா. கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிச் செய்திருந்தால் அதன் போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட கீறல் இருக்கும், மூடியின் ஓரத்தில் புது சீலன்ட் தெரியும். இன்டர்கூலர் ஹோஸில் ஒரு கிளாம்ப் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

காலையில் போங்கள், வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம். ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில்தான் இன்ஜெக்டரின் குணம் தெரியும். பிறகு சமதளமான ரோட்டில் ஐந்தாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் வைத்து உங்கள் கணவரை முழுசாக மிதிக்கச் சொல்லுங்கள். முள் சரசரவென்று ஏறி வண்டி மட்டும் அதே வேகத்தில் போனால் கிளட்ச் வழுக்குகிறது. கம்பெனி கொடுத்த 330 என்.எம்.முக்கு அந்த வயதில் தேய்வது இயல்புதான், ஆனால் கிளட்ச் சமீபத்தில் மாற்றியதாகப் பில் இருந்தும் வழுக்கினால் டியூன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டியூன் பண்ணி, அதைச் சொல்லி, ஆயில் பில்களையும் எடுத்து வைக்கிற ஓனர் கிடைத்தால் நான் அவர் வண்டியைத்தான் வாங்குவேன்.

எஸ்.ஏ., பள்ளிக்கரணை: மழையில் தேங்கிய தண்ணீரைக் கடக்க டியூன் பண்ணிய இழுவை உதவுமா?

உதவாது. காற்று உறிஞ்சும் வாய்க்குத் தண்ணீர் எட்டினால் எந்த எஞ்சினும் ஒன்றுதான். எண்டெவருக்குக் கம்பெனி சொன்ன ஆழம் 800 மி.மீ., ஆனால் பள்ளிக்கரணையில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாட்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணாமல் வண்டியை இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் தண்ணீரைத் திறந்து விடுங்கள்.