வெள்ளத்தில் ஜீப்பின் இடம் எது, ஹெலிகாப்டர் எப்போது வரும்?

வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்க, ‘ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன், வெள்ளத்தில் மீட்புக் குழுவுக்கு உதவலாமா?’ என்ற கேள்விதான் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு அதிகம் வருகிறது. ஹெலிகாப்டர் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என்னிடம் மஹிந்திரா தார் இருக்கிறது. 650 மி.மீ. தண்ணீர் வரை இறக்கலாம் என்கிறார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் ஏறினால் தைரியமாகப் போகலாமா? – வாசகர், மேற்கு தாம்பரம்

பதில்: அந்த 650 மி.மீ., அசையாமல் நிற்கும் தண்ணீரில், அடியில் தரை சீராக இருக்கும் இடத்தில், மெதுவாகப் போகும் வண்டிக்குச் சொன்ன அளவு. 18 அங்குல ரிம் போட்ட டயரின் மொத்த உயரமே ஏறக்குறைய 79 செ.மீ.தான். டயரில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் முழுகினால் கம்பெனி சொன்ன எல்லை முடிந்தது. தெருவில் நிற்கும்போது டேப் வைத்து அளக்க முடியாது. முழங்காலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வரை போகலாம். தொடை நனைந்தால் திரும்பிவிடுங்கள். எதிரில் ஒரு லாரி வந்தால் எழும் அலையும், தண்ணீருக்கடியில் இருக்கும் ஒரு பள்ளமும் மீதி அளவைச் சாப்பிட்டுவிடும்.

ஓடும் தண்ணீருக்கு இந்தக் கணக்கு செல்லாது. நீங்கள் சொன்ன இரண்டு ஊரும் அடையாற்றை ஒட்டியவை. 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு 30 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் ஓடினாலே சிறிய கார் நகர்ந்துவிடும். 60 செ.மீ. ஓட்டம் பெரும்பாலான ஜீப்களையும் தள்ளிக்கொண்டு போய்விடும். வண்டியின் அடித்தட்டுக்கு மேல் தண்ணீர் ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் அரை டன்னுக்கு மேல் எடையைத் தண்ணீரே தூக்கிக்கொள்கிறது. வண்டியின் மொத்த எடையே ஒன்றே முக்கால் டன் சுமார்தான். டயர் தரையை அழுத்தாதபோது நான்கு சக்கரமும் சுழன்று என்ன பயன்?

இறங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒருவர் லைஃப் ஜாக்கெட் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, கையில் நீளமான கம்போடு முன்னே நடக்கட்டும். கம்பால் தரையைத் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய குழியும், மூடி திறந்த பாதாளச் சாக்கடையும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மின்சாரப் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் நெருங்கவே வேண்டாம். அந்தப் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதா என்று மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-இல் கேட்டுக்கொண்டு கால் வையுங்கள்.

வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸை 4எல்-இல் (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில், அதிக இழுவையோடு சுழலும் நிலை) போட்டு, முதல் கியரில் நடை வேகத்தில் இறக்குங்கள். பம்பருக்கு முன்னால் ஒரு சின்ன அலை உருவாகும். அந்த அலையைத் தாண்டாமல், அதற்குப் பின்னாலேயே ஒரே சீராகப் போனால் பானெட்டுக்குக் கீழே தண்ணீர் மட்டம் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். நடுவில் கியர் மாற்றாதீர்கள். கிளட்சை மிதித்தால் பிளேட்டுக்குள் தண்ணீர் புகுந்து வழுக்கும். இரண்டு பக்கமும் வீடு இருக்கும் தெருவில் வேகமாகப் போனால் உங்கள் அலை வாசல்படி தாண்டி உள்ளே போகும். மேடையில் தூக்கி வைத்த கட்டிலும் நனையும். அந்த வீட்டுக்காரருக்கு நீங்கள் செய்தது உதவியாகத் தோன்றாது.

சுரங்கப்பாதைக்குள் மட்டும் எந்த நிலையிலும் இறங்காதீர்கள். சென்னையின் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் எதுவானாலும் நடுவில் எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து கணிக்க முடியாது.

கேள்வி: ஸ்னார்கெல் மாட்டிவிட்டேன். இனி கவலை இல்லையே? – வாசகர், பெரும்பாக்கம்

பதில்: ஸ்னார்கெல் என்பது இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய். அது காப்பது அந்தக் காற்றை மட்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியூ, ரேடியேட்டர் விசிறி எல்லாம் பழைய உயரத்தில்தான் இருக்கின்றன. ஆக்சிலை மறந்துவிடாதீர்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் உயரத்தில் இல்லாவிட்டால் அந்தச் சுருக்கம் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். திரும்பி வந்ததும் டிஃபரன்ஷியல் ஆயில் பிளக்கைத் திறந்து பாருங்கள். ஆயில், டிகாஷனில் பால் ஊற்றியதுபோல் இருந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். கியர்பாக்ஸுக்கும் இதே சோதனை. பிரேக்கைக் காலால் லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டிக் காய வைத்துவிட்டு வேகம் எடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் கார் நின்றுவிட்டால் செல்ஃப் எடுத்துப் பார்க்கலாமா? – வாசகர், மடிப்பாக்கம்

பதில்: கூடவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த ஒரு செல்ஃபில் இன்ஜின் போய்விடும். இன்ஜின் புரொடெக்‌ஷன் கவர் தனியாக எடுக்காத பாலிசியில் இந்தச் செலவு பொதுவாகக் கையில்தான் விழும். உதவிக்கு வரும் ஜீப்காரரும் காரை கியரில் வைத்து இழுக்கக் கூடாது; நியூட்ரலில் வைத்துத்தான் இழுக்க வேண்டும். கயிற்றை, டிரெய்லர் மாட்டும் உருண்டையான ‘டோ பால்’ மீது மாட்டாதீர்கள். அது பிய்ந்து வந்தால் குண்டுபோல் பாயும். சேசிஸில் இருக்கும் கொக்கியில் 4.75 டன் ஷேக்கிள் (இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டுவிட்டு, எல்லோரையும் கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேரிடம் ஜீப் இருக்கிறது. மீட்புக் குழுவுக்கு நாங்கள் உண்மையில் எதில் பயன்படுவோம்? – வாசகர், வேளச்சேரி

பதில்: சென்னையில் ஜீப்பின் இடம் தண்ணீரின் ஓரம். நடுத்தெருவில் படகின் வேலை. 2015-இல் மீனவர்களின் ஃபைபர் படகுகள் தெருத் தெருவாகப் போய் ஆட்களைக் கொண்டுவந்ததை நாடே பார்த்தது. ஆனால் அந்தப் படகு கடற்கரையிலிருந்து தண்ணீரின் ஓரம்வரை வர வேண்டும், அவுட்போர்டு மோட்டாருக்குப் பெட்ரோல் வர வேண்டும், படகிலிருந்து இறங்கும் பாட்டியை முழங்கால் தண்ணீரைத் தாண்டி ஆம்புலன்ஸ் நிற்கும் மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த இடைப்பட்ட அரை கிலோமீட்டரில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்ளும், ஜீப் சிக்காது. டயாலிசிஸ் நோயாளி, இன்சுலின், நர்ஸ், விழுந்த மரத்தை இழுத்து வழி விடுவது, இவைதான் உங்கள் பட்டியல்.

தானாகக் கிளம்பாதீர்கள். மாநகராட்சியின் 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இவற்றில் ஒன்றில் வண்டி எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் உட்காரலாம், வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) உண்டா என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். களத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையோ தீயணைப்புத் துறையோ இருந்தால் அந்த அதிகாரி சொல்வதே முடிவு. இரண்டு வண்டியாகத்தான் நகர வேண்டும். ஒன்று சிக்கினால் இன்னொன்று இழுக்கும். இருக்கைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், சீட் பெல்ட் வெட்டும் கத்தி, கண்ணாடி உடைக்கும் சுத்தி, தெருப்பெயர் எழுதிய காகித வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள். டவர் விழுந்தால் போன் மேப் திறக்காது.

உங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிடுகிறோம். பயம் புரிகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தி, படகு ஏற்றிய லாரி போகும் அகலத்தை விட்டுவையுங்கள்.

கேள்வி: வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். சுற்றிலும் தண்ணீர் என்றால் மொட்டைமாடிக்கு ஹெலிகாப்டரைக் கூப்பிட முடியுமா? – வாசகி, பள்ளிக்கரணை

பதில்: நேரடியாக முடியாதும்மா. 108-க்கும் 1070-க்கும் சொல்லுங்கள். மாவட்ட நிர்வாகம் மாநில அரசு வழியாக விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படையிடம் கேட்கும். சொல்லும்போது கதவு எண், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, எத்தனையாவது மாடி, நோய் என்ன, கடைசி மருந்து எப்போது கொடுத்தீர்கள், வாசலில் எவ்வளவு தண்ணீர் என்று ஆறையும் வரிசையாகச் சொல்லுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எஸ்எம்எஸ் போக வாய்ப்பு உண்டு.

மழை கொட்டும்போது, மேகம் தாழ்ந்திருக்கும்போது, புயல் காற்றில் ஹெலிகாப்டர் வராது. மழை விட்ட பிறகுதான் வரும். அதுவரை உங்களை அடையக்கூடியது படகுதான். அதனால் முதல் கோரிக்கையைப் படகுக்கே வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை மொட்டைமாடியிலிருந்து விமானப்படை தூக்கிச் சென்றது. அப்படிப்பட்ட உயிர்ப் பிரச்சினைகளுக்கே அது வரும்.

வரும் என்று தெரிந்தால் மாடியைத் தயார்படுத்துங்கள். எம்ஐ-17 ஹெலிகாப்டரின் இறக்கை வட்டமே 21 மீட்டருக்கு மேல். அது கீழே தள்ளும் காற்றில் தகரக் கூரை, சின்டெக்ஸ் மூடி, பூந்தொட்டி, காயப்போட்ட புடவை எல்லாம் பறக்கும். துணிக்கொடியை அவிழ்த்து உள்ளே வையுங்கள். இரண்டு கையையும் மேலே ‘ஒய்’ போலத் தூக்கினால் ‘உதவி வேண்டும்’ என்று அர்த்தம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. வேடிக்கைக்காக இரண்டு கையும் ஆட்டினால், உண்மையில் தவிக்கும் வீட்டை விட்டுவிட்டு உங்களிடம் இறங்குவார்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

வின்ச் கொக்கி கீழே வரும்போது அது முதலில் தரையைத் தொடட்டும். பறக்கும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். அதற்குமுன் பிடித்தால் ஷாக் அடிக்கும். கொக்கியைக் கைப்பிடிச் சுவரிலோ கம்பியிலோ கட்டவே கூடாது. கொக்கியோடு வரும் வாரை அக்குளுக்குக் கீழே மாட்டியதும் கைகளைக் கீழே இறக்கி உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். பயத்தில் கையை மேலே தூக்கினால் வாரிலிருந்து நழுவிவிடுவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை வாரில் ஏற்றக் கூடாது, ஸ்ட்ரெச்சர் தேவை. இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் திரும்பிப் போய் எடுத்து வர வேண்டியிருக்கும்.