அரசு நிறுவன இயக்குநர்களுக்குப் பயிற்சி: சேலத்து வாசகர்கள் கேட்டவை

பொதுத்துறை நிறுவனங்களில் கம்பெனிச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். இயக்குநர் குழுவுக்கு அஜெண்டா என்னும் கூட்டப் பொருள் பட்டியலைத் தயாரிப்பதும், கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ் என்னும் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவதும்தான் என் வேலையாக இருந்தது. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சேலம் உருக்காலையின் இயக்குநர்களுக்கு உருக்குத் தொழில் தெரியுமா? – ஆசிரியர், ஓமலூர்

உருக்காலைக்கென்று தனி இயக்குநர் குழு கிடையாது. அது செயில் என்ற மத்திய அரசு உருக்கு நிறுவனத்தின் ஓர் ஆலை. குழு டெல்லியில் இருக்கிறது. செயிலின் முழுநேர இயக்குநர்களைப் பொதுத்துறை நிறுவனங்களுக்கான தேர்வு வாரியம் நேர்காணல் நடத்திப் பரிந்துரைக்கிறது. அவர்கள் நிதியிலோ தொழில்நுட்பத்திலோ ஊறியவர்கள். அமைச்சகத்தின் சார்பில் வருபவர்களும், நிர்வாகத்தைச் சாராமல் வெளியிலிருந்து வரும் சுயேச்சை இயக்குநர்களும் அந்த வழியாக வருவதில்லை. பயிற்சி அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

சேலத்தை மையமாகக் கொண்டு தனிக் குழுவுடன் இயங்கும் அரசு நிறுவனங்கள் என்றால் மேக்னசைட் கனிமத்தை வெட்டியெடுக்கும் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனத்தையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் நிறுவனத்தையும் சொல்லலாம்.

காலமெல்லாம் பஸ்சில் நின்றவன் நான். குழுவில் உட்காரும் அதிகாரிகளுக்குப் பஸ்சைப் பற்றி என்ன தெரியும் ஐயா? – ஓய்வுபெற்ற நடத்துநர், சூரமங்கலம்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இயக்குநருக்குக் கிளட்ச், கியர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் பணம் கசிகிறது என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

விபத்து இழப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவின்படி, மாநிலப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம். விலக்குப் பெற்ற கழகம் தனி நிதி வைத்து இழப்பீட்டைத் தானே கொடுக்க வேண்டும். கொடுக்கத் தாமதமானால் தீர்ப்புத் தொகைக்கு வட்டி ஏறும். கடைசியில் நீதிமன்ற ஊழியர்கள் பஸ் நிலையத்துக்கே வந்து வண்டியை ஜப்தி செய்வார்கள். அந்தப் படத்தை நாம் செய்தித்தாளில் பார்த்திருக்கிறோம். வண்டி முடங்கிய நாட்களின் வசூலும் போய்விடும்.

ஆண்டறிக்கையில் இது கடைசிப் பக்கக் குறிப்புகளில் ஒரு வரியாக இருக்கும். விஷயம் தெரிந்த இயக்குநர் அந்த வரியில் நிற்பார். நிலுவையில் எத்தனை தீர்ப்புகள், வட்டி மட்டும் எவ்வளவு, மேல்முறையீடு செய்தவற்றில் வென்றவை எத்தனை, லோக் அதாலத் என்னும் சமரச நீதிமன்றத்தில் முடித்திருக்கக்கூடியவை எவை, எந்தப் பணிமனையின் வண்டிகள் திரும்பத் திரும்ப விபத்தில் சிக்குகின்றன என்று கேட்பார். கடைசிக் கேள்வி உயிர்களைக் காப்பாற்றும். நிர்வாகத்தில் பழுத்த மூத்த அதிகாரிக்கும் இந்தக் கேள்விகள் தாமாக வந்துவிடாது. யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தர வேண்டும்.

உங்களைப் போன்ற ஒரு நடத்துநரையும் பணிமனை மேலாளரையும் ஒரு மணி நேரம் புதிய இயக்குநர்களோடு பேச வைத்தால், அது எந்தப் பேராசிரியரின் உரைக்கும் குறைந்ததல்ல.

பயிற்சி சட்டப்படி கட்டாயமா? – சட்ட மாணவி, சேலம்

நிறுவனத்தைப் பொறுத்தது அம்மா. மத்திய அரசு நிறுவனங்களுக்கு 2010-இல் கட்டாயமாக்கப்பட்ட நிர்வாக நெறிமுறைகள் இருக்கின்றன. முழுநேர இயக்குநர், அரசு நியமன இயக்குநர், சுயேச்சை இயக்குநர் ஆகிய மூவகையினருக்கும் நிறுவனத்தின் தொழில்முறை, அதிலுள்ள அபாயங்கள், அவரவர் பொறுப்பு ஆகியவற்றில் பயிற்சி தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், சுயேச்சை இயக்குநர்களுக்கு அறிமுகப் பயிற்சி அளித்து அதன் விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி.

பட்டியலிடப்படாத மாநில அரசு நிறுவனங்களில்தான் பள்ளம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் நான்காம் அட்டவணை, சுயேச்சை இயக்குநர் பயிற்சி பெற்றுத் தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. துறையின் சார்பில் பதவி வழியாக வரும் அதிகாரிக்கு அந்தச் சட்டத்தில் அப்படியொரு நிபந்தனை இல்லை. மாநிலக் குழுக்களில் பெரும்பான்மை அவர்கள்தான். இடமாற்றம் வந்தால் பாதியில் போய்விடுவார்கள். அடுத்தவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். மாநில நிதித்துறை ஓர் அரசாணையில் இதைச் சரிசெய்துவிட முடியும், செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுயேச்சை இயக்குநராக எழுத வேண்டிய தேர்வு கடினமா? – பட்டயக் கணக்காளர், ஃபேர்லேண்ட்ஸ்

உங்களுக்குக் கடினமாக இருக்காது. மானேசரில் உள்ள இந்தியக் கம்பெனி விவகாரங்கள் நிறுவனத்தின் தரவுத் தொகுப்பில் முதலில் பெயரைப் பதிய வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் இணையவழித் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். முன்னனுபவம் உள்ள சிலருக்கு விலக்கும் உண்டு. ஆனால் அந்தத் தேர்வு சட்ட அறிவையும் கணக்கறிவையும்தான் சோதிக்கிறது. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் சூளையைப் பற்றியோ கடனைப் பற்றியோ அதில் எதுவும் வராது.

காபி வாரியத்தில் உறுப்பினரானால் இதெல்லாம் பொருந்துமா? – தோட்ட உரிமையாளர், ஏற்காடு

பொருந்தாது. அது 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம், கம்பெனி அல்ல.

ஒரு சுரங்க நிறுவனத்தின் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் கூட்டம். எதைப் படிப்பது? – ஆத்தூர்

வாழ்த்துகள். முதலில் கடந்த மூன்று ஆண்டறிக்கைகளையும், அவற்றோடு இணைந்திருக்கும் சிஏஜியின் (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரின்) கருத்துகளையும் வாங்குங்கள். லாப நட்டக் கணக்கைவிட அந்தக் கருத்துகளை முதலில் படியுங்கள். ஒரே குறை மூன்று ஆண்டும் தொடர்ந்து வந்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, குத்தகையும் சுற்றுச்சூழல் அனுமதியும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று பாருங்கள். அனுமதி காலாவதியானால் சுரங்கம் நின்றுவிடும். ஆனால் சம்பளம் நிற்காது.

பிறகு ஒரு நாள் சுரங்கத்துக்கே போங்கள். மேக்னசைட் என்றால், வெட்டிய கல்லில் எவ்வளவு கழிவாகப் போகிறது, சூளைக்கு ஒரு டன்னுக்கு எவ்வளவு எரிபொருள் செலவாகிறது, வாங்கும் உருக்காலைகள் எத்தனை நாளில் பணம் தருகின்றன என்று அங்கேயே கேளுங்கள். இந்த மூன்றும் தெரிந்தால் அஜெண்டாவில் பாதி புரிந்துவிடும்.

அஜெண்டா கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். கூட்ட மேசையில் வைத்து நீட்டினால், அவசரம் என்ன என்று கேளுங்கள். உங்கள் மாற்றுக் கருத்து மினிட்ஸ் வரைவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வரைவு பதினைந்து நாளில் வரும். திருத்தம் சொல்ல உங்களுக்கு ஏழு நாள் இருக்கிறது. ஏதாவது தவறு நடந்து விசாரணை வந்தால், சுயேச்சை இயக்குநருக்கு அந்த மினிட்ஸ் ஏடுதான் துணை. தெரிந்தே சம்மதித்தாரா, கவனமாக நடந்துகொண்டாரா என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

நியமித்தது அரசு. அரசு சொல்வதைத்தானே செய்ய முடியும்? – பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி

கம்பெனிகள் சட்டத்தின் 166-ஆம் பிரிவு நியமன இயக்குநருக்கு விலக்கு எதுவும் தரவில்லை. நிறுவனம், அதன் ஊழியர்கள், பங்குதாரர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு, சொந்த முடிவின்படி நடக்க வேண்டும் என்பதே கடமை. உதாரணமாக, பஸ் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது அரசின் கொள்கை என்றால், ஏற்றுக்கொள்ளுங்கள். அதனால் வரும் இழப்பு இவ்வளவு, ஈடாக மானியம் எப்போது வரும் என்று எழுத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்க அரசு உங்களைத் தடுக்கவில்லை.

எங்கள் நிறுவனம் ஏற்காட்டில் இரண்டு நாள் பயிற்சி நடத்தப்போகிறது. பயன் இருக்குமா? – செயலகப் பிரிவு ஊழியர், சேலம்

என்ன நடத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது தம்பி. தலைமைப் பண்பு பற்றிய பொது உரைகளும் ஏரிப் படகுச் சவாரியும் என்றால் வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பழைய அஜெண்டா குறிப்பு ஒன்றை, பின்னால் நட்டத்தில் முடிந்த ஒரு கொள்முதலைப் பற்றியதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் இயக்குநர்களிடம் கொடுத்து, அரை நாள் கேள்வி கேட்க விடுங்கள். அதன்பின் நடந்ததைச் சொல்லுங்கள். கணக்குகளைக் கவனிக்கும் துணைக் குழுவான தணிக்கைக் குழுவின் உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு அமர்வு வையுங்கள். மலைக்குப் போகும் முன் எல்லாரையும் ஆலைக்கு அழைத்துச் செல்ல ஒரு வண்டியையும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.