பஸ்ஸைப் பத்தியே எழுதட்டுமே: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

நாங்க அமெரிக்கா வந்து 15 வருஷம் ஆகுது. பொண்ணு இப்ப பன்னெண்டாவது. காலேஜ் அப்ளிகேஷன்ல, நீ சேர்ந்திருக்கிற ஒரு கம்யூனிட்டியைப் பத்தியும் அதுல உன் இடம் என்னன்னும் 300 வார்த்தையில எழுதுன்னு ஒரு எஸ்ஸே. தமிழ் ஸ்கூல், பரதநாட்டியம், அரங்கேற்றம்னு எழுத எவ்வளவோ இருக்கு. அவ என்னடான்னா ஸ்கூல் லேட் பஸ்ஸைப் பத்திதான் எழுதுவேன்னு நிக்கிறா. கிளப், பிராக்டிஸ் எல்லாம் முடிஞ்சு லேட்டா கிளம்புற பசங்களை ஊர் சுத்தி இறக்கி விடுற பஸ். வழக்கமான டிரைவர் லீவு போட்டா புது ஆளுக்கு ரூட் தெரியாதாம், இவதான் முன் சீட்ல உக்காந்து லெஃப்ட் ரைட் சொல்லுவாளாம். இதெல்லாம் ஒரு கம்யூனிட்டியா? நானே தமிழ்ப் பாரம்பரியம் பத்தி ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பியிருக்கேன், பாருங்க. அவ உங்களை விடாம படிக்கிறவ, நீங்க சொன்னா கேப்பா.

(பேர் வேண்டாம்)

வணக்கம்.

அவ நான் சொன்னா கேப்பாளோ என்னமோ, முதல்ல நீங்க கேக்கணுமே. உங்க டிராஃப்ட்டைப் படிச்சேன். கல்லணை இருக்கு, சங்க இலக்கியம் இருக்கு, யாதும் ஊரே இருக்கு, எல்லாம் சரிதான், ஆனா 300 வார்த்தையும் முடிஞ்சிருச்சு, உங்க பொண்ணைத் தேடித் தேடிப் பாத்தேன், கடைசி வரியில "பெருமைப்படுறேன்"னு ஒரு வார்த்தையா நிக்கிறா. அந்த இடத்துல வேற எந்தத் தமிழ்ப் பிள்ளையோட பேரைப் போட்டாலும் அந்த எஸ்ஸே அப்படியே ஓடும். இது அட்மிஷன் ஆபீஸ்ல படிக்கிறவங்களுக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சுரும், அவங்க ஒரு சீசனுக்கு எத்தனை பார்க்குறாங்க.

மிச்சிகன் யுனிவர்சிட்டி இந்தக் கேள்வியை ரொம்ப வருஷம் வச்சிருந்தாங்க. அதுல மதம், இனம்னு சொன்ன அதே மூச்சுல ஊர், வருமானம், சாப்பாடு, ஆர்வம்னும் அடுக்கியிருப்பாங்க. எதை வேணா எடுத்துக்கோங்குறதுதான் அர்த்தம், நம்மாளுங்கதான் கம்யூனிட்டின்னாலே சாதி சர்ட்டிபிகேட் ஞாபகத்துல போயிடுறோம். கேள்வியோட பின்பாதி இன்னும் முக்கியம், அதுல உன் இடம் என்னன்னு. 2023 ஜூன்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் காலேஜ் அட்மிஷன்ல இனத்தைக் கணக்குல எடுக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொன்னப்பகூட, எஸ்ஸேல பிள்ளைங்க தன் இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டுச்சுன்னு எழுதலாம், ஆனா அதுக்குக் கிடைக்கிற மதிப்பு அந்தப் பிள்ளையோட தைரியம், அந்தப் பிள்ளையால தர முடிஞ்சதுன்னு தனி ஆளோட சேர்ந்துதான் இருக்கணும்னு தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். பாரம்பரியத்தை மட்டும் தூக்கிக் காட்டினா போதாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு.

அதுக்காக தமிழ் ஸ்கூலைப் பத்தி எழுதவே கூடாதுன்னு நான் சொல்லலை. என் அக்கா பொண்ணு எழுதினா. முதல் டிராஃப்ட் உங்களோடது மாதிரியே, ரெண்டாயிரம் வருஷப் பழமை, செம்மொழி. நீ அங்க சனிக்கிழமை என்னதான்டி பண்ணுவன்னு கேட்டேன். சின்னப் பசங்களுக்கு ழ சொல்லித் தருவேன்னா. எப்படின்னேன். இங்க பொறந்த பசங்களுக்கு நாக்கை மடின்னா புரியாது சித்தி, கார்ங்குறதை அமெரிக்கன் மாதிரி சொல்லச் சொல்லி கடைசி சவுண்டை அப்படியே பிடிச்சு வச்சுக்கோம்பேன், ழ கிட்டத்தட்ட வந்துரும், வாளைப்பளம்னு சொல்லிட்டிருந்த ஒரு பையன் அப்படித்தான் கத்துக்கிட்டான், வீட்டுல தாத்தாவையே திருத்துறானாம்னா. நான் சொல்லிக் காட்டிப் பாத்தேன், நிஜமாவே வருது! அதை எழுதுன்னுட்டு வந்துட்டேன். செம்மொழி மொத்தமும் போயிருச்சு, யாருக்கும் நஷ்டமில்லை.

இப்ப பஸ்ஸுக்கு வாங்க. ஒரு இடத்துல நாம சேர்ந்திருக்கோமான்னு பாக்க நான் வச்சிருக்கிற கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு நாள் போகலைன்னா யாருக்காவது சிரமமான்னு பார்ப்பேன். புது டிரைவர் வர்ற அன்னிக்கு உங்க பொண்ணு காய்ச்சல்ல படுத்துட்டா அந்த பஸ் என்ன ஆகும்? எவனோ ஒரு ஒன்பதாவது பையன் தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இருட்டுல இறங்கி நடப்பான். அவளுக்கு யார் எங்க இறங்குவாங்கன்னு தெரியும், யாரைத் தூங்கினா எழுப்பணும்னும் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்க "இதெல்லாம் ஒரு கம்யூனிட்டியா"க்கு முன்னாடி ரெண்டு வரியில தள்ளி விட்டுட்டீங்க.

அரங்கேற்றம் வீணாப் போகுதேன்னு கவலைப்படாதீங்க. நிறைய காலேஜுக்கு ஒரே அப்ளிகேஷனாப் போடுற காமன் ஆப்ல ஆக்டிவிட்டீஸ்னு தனி இடமே இருக்கு, 10 எழுதலாம், ஒவ்வொண்ணுக்கும் விவரம் சொல்ல 150 எழுத்து, ஸ்பேஸும் சேர்த்து. எந்தெந்த வகுப்புல பண்ணினா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு அங்கேயே கேட்ருவாங்க, நாட்டியம் அங்க ஜம்முனு உக்காந்துக்கும். 650 வார்த்தை பெரிய எஸ்ஸே வேற இருக்கு. 300 வார்த்தைல எல்லாத்தையும் அடைச்சா லக்கேஜ் மேல உக்காந்து ஜிப் போடுற கதைதான்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். சப்மிட் பண்றப்ப இது என் சொந்த எழுத்துன்னு உறுதி சொல்லித்தான் பிள்ளை கையெழுத்துப் போடணும். நீங்க எழுதினதுக்குக் கீழ அவளைப் போட வைக்காதீங்க. எழுத்துப்பிழை பாருங்க, புரியாத இடத்துல புரியலைன்னு சொல்லுங்க, அத்தோட கையை எடுத்துருங்க.

நவம்பர் 1 எர்லி டெட்லைன்னா நாள் அதிகம் இல்லை. இன்னிக்கு ராத்திரி சாப்பிடுறப்ப எஸ்ஸே பேச்சே எடுக்காம, அந்த பஸ்ல கடைசியா இறங்குறது யாருன்னு மட்டும் கேளுங்க. ஒருவேளை அவளேவா? அப்படின்னா மத்த எல்லாரும் இறங்கினப்புறம் டிரைவரும் அவளும் என்ன பேசிக்குவாங்கன்னு எனக்கும் எழுதச் சொல்லுங்க.