முதல் மழையின் மணம் போத்தலில் கிடைக்குமா?

கேள்வி: பிறந்தநாளுக்கு ‘மழை’ என்று பெயர் போட்ட வெளிநாட்டு சென்ட் ஒன்று கிடைத்தது. கடதாசியில் அடித்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. உடம்பில் அடித்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சலவைத்தூள் வாசம்தான் மிச்சம். நான் தேடுவது மார்ச் மாதப் பின்னேரத்தில் முற்றத்தில் எழும்பும் மண்வாசனை. அதை வாங்கவோ வீட்டில் செய்யவோ முடியுமா? “மழை வாசம் சோகமான ஆட்களுக்குத்தான், உன்னைப் போல வாயாடிக்குச் சரிவராது” என்கிறாள் தோழி. உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ‘மார்ச் மாதம்’ என்று எழுதியிருக்கிறீர்களே சகோதரி, பாதி விடை அதிலேயே இருக்கிறது. கொழும்பில் பெய்யும் எல்லா மழைக்கும் ஒரே மணம் கிடையாது. தை, மாசி வெயிலில் காய்ந்த மண்ணிலும் கல்லிலும் தாவர எண்ணெய்கள் படிந்து கிடக்கின்றன. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்கி வைத்திருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழையின் முதல் துளிகள் விழும்போது, மண்ணின் துவாரங்களிலுள்ள காற்று குமிழியாக மேலெழுந்து வெடித்து இவற்றைத் தூவிவிடுகிறது. இந்த மணத்துக்கு 1964இல் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயர் வைத்தவர்கள் இசபெல் ஜோய் பேயர், ரிச்சர்ட் தோமஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள். ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையில் இந்த வாசனையைத் தேடினால் கிடைக்காது. மண் ஏற்கெனவே ஊறியிருக்கும், அடித்துப் பெய்யும் மழையில் குமிழியும் குறைவு. அப்போது வருவது பாசி, நனைந்த சுவர், கடல் எல்லாம் கலந்த மணம்.

உங்கள் போத்தலில் இருப்பது இந்த இரண்டுமல்லாத, குளிர்நாட்டுத் தூறலாக இருக்க வேண்டும். அந்த வகைச் சென்டுகளில் நீரின் உணர்வைத் தருவது பெரும்பாலும் கலோன் போன்ற செயற்கைப் பொருள்கள். 1966இல் ஃபைசர் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட கலோனுக்குக் கடற்காற்றும் வத்தகப்பழமும் சேர்ந்தாற்போல் ஒரு வாசம். கூடவே போடும் வெண்கஸ்தூரி என்ற செயற்கைக் கஸ்தூரி வகைகள் சலவைத்தூளிலும் இருப்பவை. 30 பாகை வெயிலில், வியர்வையில், மேலே மிதக்கும் குளிர்ச்சியான பகுதி அரை மணித்தியாலத்தில் பறந்துவிடும். கஸ்தூரிதான் தோலில் தங்கும். கடதாசியில் சூடு இல்லாததால் அங்கே தப்பிக்கிறது. அந்தப் போத்தலை எறிய வேண்டாம், பருத்தி உடுப்பின் உட்புறத்தில் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்கும் மண் மணத்தை உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் நெடுங்காலமாகவே வடித்து வருகிறார்கள். ‘மிட்டி அத்தர்’ என்பார்கள். சுட்ட களிமண் துண்டுகளைத் தண்ணீருடன் செப்புக் கொப்பரையில் இட்டு, வாயை மண் பூசி அடைத்து, விறகில் சூடாக்குவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் இன்னொரு பாத்திரத்தில் குளிரும். அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே இருக்கும் சந்தன எண்ணெய் மண்ணின் மணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

புறக்கோட்டை அத்தர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சந்தன எண்ணெய் விலை உயர்ந்தது. ஆகவே மலிவாகக் கிடைக்கும் மிட்டி அத்தரில் வேறு எண்ணெய்தான் அடிப்படையாக இருக்கும். கடதாசித் துண்டில் ஒரு துளி வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் காலையில் முகருங்கள். நல்லதானால் மண் அடங்கி மென்மையான சந்தனம் நிற்கும். பிளாஸ்டிக் நெடியோ வெறும் எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் வாங்காதீர்கள். குளிரூட்டிய கடைக்குள் நின்று ஒருபோதும் முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்வதானால் எண்ணெயில் செய்யுங்கள். சுத்தமான எதனோல் மதுவரித் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டுக்கு அதன் சொந்த நெடியே போதும், மண்வாசனையை அமுக்கிவிடும். உருளைப் பந்து வைத்த 10 மில்லிலீற்றர் போத்தலில், ஊசியில்லாத சிரிஞ்சால் மிட்டி அத்தர் ஒன்றரை மில்லிலீற்றர் விடுங்கள். வெட்டிவேர் எண்ணெய் 4 துளி, ஏலக்காய் எண்ணெய் 1 துளி சேர்த்துக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் ஜோஜோபா எண்ணெயையோ, எம்.சி.ரி. எண்ணெய் என்று விற்கும் மணமற்ற, உறையாத தேங்காயெண்ணெயையோ கழுத்து வரை நிரப்புங்கள். சமையல் தேங்காயெண்ணெய் உதவாது. அதற்குச் சொந்த வாசம் உண்டு. 24 பாகையளவில் உறையத் தொடங்கும் என்பதால் ஏ.சி. அலுவலகத்தில் உருளை இறுகிவிடும்.

போத்தலை இருட்டான அலுமாரியில் இரண்டு கிழமை வையுங்கள். முதல் நாட்களில் ஏலக்காய் முந்தி நிற்கும், வெட்டிவேர் புகைபோல அடிக்கும். பயந்து எதையும் கூட்டாதீர்கள். இரண்டு கிழமை கழித்தும் பூட்டிக்கிடந்த அறைபோல மணத்தால் மண் கூடிவிட்டது, பாதியை வேறு போத்தலுக்கு மாற்றி எண்ணெய் ஊற்றுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஜியோஸ்மின் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், அதனால் கை தாராளமாகவே கூடாது. பீற்றூட்டின் மண் சுவைக்கும் சில குளத்து மீன்களின் சேற்று வாசத்துக்கும் காரணம் இதே பொருள்தான். அந்த மீனுக்குப் புளியும் தேசிக்காயும் விடுவது நல்ல பழக்கம், அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்துவிடும்.

பன்னீரோ தண்ணீரோ ஒரு சொட்டுக்கூடச் சேர்க்க வேண்டாம். எண்ணெயோடு சேராமல் கலங்கி அடியில் தங்கும். கறுவாப்பட்டை எண்ணெய் நம் நாட்டில் நல்லதாகக் கிடைக்கிறதே என்று அதையும் விடாதீர்கள், தோலை எரிக்கும். முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்து, சிவக்காவிட்டால் பூசுங்கள். பட்டுச் சீலையில் படவிடாதீர்கள், கறை போகாது.

இனித் தோழியின் கருத்து. மழை மணத்தைச் சோகத்தோடு சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கலாம். ‘மழை பெய்து ஓய்ந்தபின்’ என்று பொருள்படும் பெயரில் கெர்லன் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1906இல் வெளியிட்ட சென்ட், வயலட் என்ற ஊதாப்பூவும் ஓரிஸ் என்ற ஐரிஸ் செடியின் கிழங்கும் சேர்ந்த, ஒதுங்கி நிற்கும் மணம். ஆனால் ஏர்மெஸ் என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனம் 2008இல் கேரளப் பருவமழையை வைத்துச் செய்ததில் ஏலக்காயும் இஞ்சியும் மிளகும் வெட்டிவேரும் இருக்கின்றன. அதில் சோகத்தைக் காணோம். நீர் வகை மழைச் சென்ட் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைபோல, நேரந்தவறாத, கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆளை நினைவூட்டும். மண் வகை வேறு. அது அறை முழுவதும் பரவாது, பக்கத்தில் இருந்து கதைப்பவருக்கு மட்டும் தெரியும். நிறையக் கதைக்கிறவரிடம் இப்படி அடங்கிய மணம் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. உங்கள் குரல் முன்னே போகட்டும், மணம் பின்னால் வரட்டும்.

தலையில் மல்லிகை வைக்கும் நாளில் மட்டும் இதை விட்டுவிடுங்கள். மல்லிகைக்கு முன்னால் மண்வாசனை நிற்காது. மற்ற நாட்களில் முழங்கை மடிப்பிலும் கழுத்தின் பின்புறத்திலும் ஒவ்வொரு தடவல் போதும். பத்து நிமிடத்தில் உங்கள் மூக்குக்கு அது பழகி மறைந்துவிடும். போய்விட்டதென்று திரும்பப் பூசாமல், பக்கத்தில் இருப்பவரிடம் மணக்கிறதா என்று கேளுங்கள்.